பழவேற்காட்டின் அகழிக் கோட்டை

வேலூர்க் கோட்டையைக் கண்டவர்கள் நீர் நிறைந்த அதன் அகழியையும் உள்ளே அமைந்த அருங்காட்சியகத்தையும் எளிதில் மறப்பதில்லை. தரங்கம்பாடியில் டேனியர் 1620இல் எழுப்பத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டையும் இன்று அருங்காட்சியகமாகவே விளங்குகிறது. நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் அகழி சூழ்ந்த கோட்டை ஒன்று இருந்தது. பழவேற்காட்டுக்கு மகிமை மாதாவை நாடிச் செல்லும் நம்மில் பலர் அதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

விசயநகர மன்னர் வேங்கடரின் இசைவோடு டச்சுக்காரர் அங்கே பண்டகசாலை அமைத்தனர். 1612இல் போர்த்துக்கீசியர் சாந்தோமிலிருந்து சென்று அதனைத் தாக்கி அழித்தனர். அதன் விளைவாக 1613இல் எழுந்ததே கெல்டிரியாக் கோட்டை. நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாநிலத்தை நினைவூட்டும் பெயர் அது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கடற்கரையில் டச்சு வணிகத்தின் தலைமையிடம் இதுவே. நம் நெசவாளர் நெய்த துணிகள் இங்கிருந்து கிழக்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றன. அவற்றுக்கு ஈடாக நறுமணப் பொருள்கள் பெறப்பட்டன.

துணிகள் மட்டுமா சென்றன? மனிதரும் சென்றனர். 17ஆம் நூற்றாண்டின் போர்களாலும் பஞ்சங்களாலும் நிலைகுலைந்த ஏழைகள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக வாங்கப்பட்டு, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர்.

இன்று அக்கோட்டை புதர் மண்டிய மேடு. அருகிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தையோ தொல்லியல் துறை பாதுகாத்து வருகிறது. வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். உள்ளே பெயரும் குலச்சின்னமும் செதுக்கிய கற்கள். கப்பலேறியவர்களுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை.

டச்சுக்காரரை மட்டும் குறை கூறி நாம் அமைதியடைய இயலாது. கத்தோலிக்கரான போர்த்துக்கீசியரும் அடிமை வணிகம் செய்தனர். ஒனேசிமுவை இனி அடிமையாக அன்று, சகோதரனாக ஏற்றுக்கொள் என்று பிலமோனுக்குப் புனித பவுல் எழுதிய திருமுகம் இரு சாராரின் கையிலும் இருந்தது. வாசித்தனர், வாழ்ந்துகாட்டவில்லை.

பழவேற்காட்டில் என்றேனும் ஓர் அருங்காட்சியகம் எழுமானால், நாணயங்களுக்கும் பீங்கான்களுக்கும் நடுவே அந்தப் பெயரற்றோருக்கும் ஓர் இடம் வேண்டும். அதுவரை நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. வறுமை துரத்த ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வந்து உழைப்போர் நம் தெருக்களில் வாழ்கின்றனர். அவர்கள் அடிமைகள் அல்லர். எனினும், அவர்களுள் ஒருவரையேனும் நாம் பெயர் சொல்லி அழைத்திருக்கிறோமா?