வரிசையில ஒண்ணு மட்டும் வேற மாதிரி (ஹோஸ்டா புராணம்)

மரத்தடி நிழல்ல ஒண்ணும் வரமாட்டேங்குதுன்னு புலம்பற குளிர்நாட்டுத் தோட்டக்காரங்களுக்கு ஹோஸ்டா ஒரு வரப்பிரசாதம். பூவுக்காக வைக்கிறவங்க கம்மி, எல்லாம் இலைக்காகத்தான். நீல இலை, மஞ்சள் இலை, வெள்ளைக் கரை போட்ட இலைன்னு ஆயிரக்கணக்குல ரகங்கள். குளிர்காலத்துல மண்ணுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு எழுந்தாத்தான் இதுக்கு உடம்பு ஒத்துக்கும். அதனால சென்னைவாசிகள் ஒரு பெருமூச்சோட படிச்சுட்டுப் போங்க.

எந்த ரகம் எடுப்பா இருக்கும்னு தேடப் போனா, நல்ல பேர் வாங்கின பல ரகங்களுக்குப் பின்னாடி ஒரு ஆள் நிக்கிறார். வரிசையில ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருக்கேன்னு நின்னு பார்த்த ஆள்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கலாம். தாயகம் சீனா, கொரியா, ஜப்பான். ஜப்பான்ல பேரு கிபோஷி. பழைய பாலங்களோட கைப்பிடித் தூண் உச்சியில வெங்காயம் மாதிரி ஒரு குமிழ் இருக்கும், அதுக்கும் இதே பேர்தான். பூமொட்டு அந்த வடிவம். இளங்குருத்தைச் சமைச்சும் சாப்பிடறாங்க. (மேல்நாட்டுல அந்த வேலையை நத்தைகள் பார்த்துக்குது.)

நாகசாகி துறைமுகத்துல டெஜிமான்னு குட்டியா ஒரு செயற்கைத் தீவு. ஐரோப்பியர்கள்ல டச்சுக் கம்பெனி ஆட்களை மட்டும் அங்க அடைச்சு வச்சு வியாபாரம் பண்ண விட்டாங்க. அங்க டாக்டரா இருந்த ஜெர்மன்காரர் கேம்ப்ஃபர்தான் 1712-ல் வந்த தன் புத்தகத்தில் இந்தச் செடியைப் பற்றி ஐரோப்பாவுக்கு முதல்ல சொன்னவர். ஆனா செடிகளை அள்ளிக்கிட்டு வந்தவர்னு சொன்னா, 1823-ல் அதே தீவுக்கு டாக்டரா வந்த இன்னொரு ஜெர்மன்காரர், சீபோல்ட். செடி சேர்த்ததோட நிறுத்தியிருக்கலாம், மனுஷன் ஜப்பான் வரைபடங்களையும் சேர்த்துட்டார். அந்தக் காலத்துல அது ராஜத்துரோகம். 1829-ல் அவரை நாடு கடத்தினாங்க. வரைபடம் கொடுத்த அரசவை வானியலாளர் தகஹாஷி ககேயசு சிறையிலேயே செத்துப் போனார். செடிகள் பத்திரமா ஐரோப்பா போய்ச் சேர்ந்தன. இன்னிக்குத் தோட்டங்கள்ல பெருசு பெருசா நீல இலையோட நிக்கிற 'சீபோல்டியானா' இனத்துக்கு அவர் பேர்தான். தகஹாஷி பேர்ல ஒரு ஹோஸ்டாவாவது இருந்திருக்கணும்னு எனக்குத் தோணும்.

பேர்ச் சண்டையைச் சுருக்கமா சொல்லிடறேன். 1812-ல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹோஸ்ட் நினைவா ஹோஸ்டான்னு வச்சாங்க. அந்தப் பேர் ஏற்கனவே வேற செடிக்கு வச்சதாச்சேன்னு 1817-ல் ஃபுங்கியான்னு மாத்தினாங்க. 1905 வியன்னா மாநாட்டுல திரும்ப ஹோஸ்டா. ஜெர்மன்காரங்க மட்டும் இன்னும் பழைய பேரை விடலை.

சரி, என் ஹீரோயினுக்கு வருவோம். பிரான்சிஸ் வில்லியம்ஸ்னு ஒரு அம்மா, அமெரிக்காவில் தோட்ட வடிவமைப்பு படிச்சவங்க. 1936-ல் கனெக்டிகட் மாநிலத்துல ஒரு நர்சரிக்குப் போறாங்க. வரிசையா சீபோல்டியானா நாத்து, எல்லாம் ஒரே நீலம். நடுவுல ஒண்ணுல மட்டும் இலை ஓரமா மஞ்சள் கரை, பட்டுப் பாவாடைக்கு ஜரிகை வச்ச மாதிரி. நர்சரிக்காரங்க தினமும் தண்ணி ஊத்தின வரிசைதான் அது. அந்த அம்மா காசு கொடுத்து வாங்கிட்டு வந்து, வளர்த்து, பிரிச்சு, குறிப்பு எழுதி, தெரிஞ்சவங்களுக்கு அனுப்பினாங்க. அப்படி ஒண்ணு ஆக்ஸ்ஃபோர்ட் தாவரவியல் பூங்காவுக்குப் போய், 1963-ல் அங்கிருந்த ராபின்சன் 'பிரான்சிஸ் வில்லியம்ஸ்'னே பேர் வச்சார். பல வருஷம் அமெரிக்க ஹோஸ்டா ரசிகர்களோட முதல் ஓட்டு இதுக்குத்தான். குறை இல்லாம இல்லை. அந்த மஞ்சள் கரை வசந்தத்திலேயே கருகும், வெயில் பட்டா இன்னும் மோசம். நல்ல நிழல் இருந்தா மட்டும் வைங்க.

இங்கிலாந்துல எரிக் ஸ்மித் கதை வேற. சின்னதா, இலையுதிர் காலத்துல பூக்கற ஒரு ஹோஸ்டாவையும் கோடையில பூக்கற சீபோல்டியானாவையும் கலக்க முடியாது, ரெண்டு பூவும் சந்திக்கிறதே இல்லை. 1961-ல் ஒரு சீபோல்டியானா காலம் தப்பிப் பூத்தது. மனுஷன் விடலை, கலந்துட்டார். அந்தக் குடும்பத்துல பிறந்ததுதான் 'ஹால்சியன்'. அடர்நீலம், கெட்டி இலை, நத்தை கொஞ்சம் யோசிச்சுத்தான் கடிக்கும். நீலம்னு நாம பார்க்கிறது இலை மேல இருக்கிற மெழுகுப் பூச்சு, வெயில்ல போயிடும். நிழலுக்கு ஒரே ஒரு ஹோஸ்டா கேட்டா, என் ஓட்டு இதுக்குத்தான். நடுவுல மஞ்சள் வாங்கின 'ஜூன்' இதிலிருந்து திசு வளர்ப்புல தானா வந்த மாற்றம்.

இந்த 'வேற மாதிரி' மோகம் ஒரு தடவை நல்லா ஏமாத்திடுச்சு. பச்சையும் மஞ்சளுமா திட்டுத்திட்டா, நரம்போரமா மை கசிஞ்ச மாதிரி இலையோட சில செடிகளைப் பார்த்து, ஆஹா புது ரகம்னு பேர் வச்சு வித்தாங்க: 'பிரேக்டான்ஸ்', 'லெப்பர்ட் ஃப்ராக்', 'லூனசி'. 1996-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்துல பென் லாக்ஹார்ட் 'ஹோஸ்டா வைரஸ் எக்ஸ்'னு ஒரு புது வைரஸை அடையாளம் காட்டினார். அந்த அழகெல்லாம் வைரஸ் போட்ட கோலம்! ஆசையா பிரிச்சுப் பிரிச்சு நண்பர்களுக்குக் கொடுத்தவங்க, கத்தியில ஒட்டின சாறு வழியா அடுத்த செடிக்கும் சேர்த்துக் கொடுத்திருக்காங்க. மருந்து கிடையாது, பிடுங்கி எறியறதுதான் வழி.

வாங்கும்போது ஒரு இலையைப் பார்த்து மயங்காதீங்க, செடி முழுக்கப் பாருங்க. அசல் ரகத்துல கரையோ நடுப்பட்டையோ கிட்டத்தட்ட எல்லா இலையிலும் ஒரே ஒழுங்குல இருக்கும். வைரஸ் செடியில இலைக்கு இலை தாறுமாறா இருக்கும், சில இடம் சுருங்கியும் இருக்கும். நோய் இருந்தும் ஒரு அறிகுறியும் காட்டாத செடிகளும் உண்டுங்கிறதால, பிரிச்சு நடும்போது ஒவ்வொரு செடிக்கும் கத்தியைச் சுத்தம் பண்ணுங்க. சந்தேகமா இருந்தா சோதிக்கிற பட்டை விலைக்குக் கிடைக்குது, ஒரு துண்டு இலை போதும்.