வலையும் செபமாலையும்: மன்னார்க் கரையில் தொழிலும் விசுவாசமும்

அன்றாடத் தொழிலை இறைவன் ஒப்படைத்த பணியாகக் கொண்டு செய்வது கிறிஸ்தவ மரபின் மிகப் பழைய போதனைகளுள் ஒன்று. இயேசு நாசரேத்தில் தச்சராக உழைத்தவர். அவர் முதலில் அழைத்த சீடர்கள் கலிலேயாக் கடலில் வலை வீசியவர்கள். பவுல் கூடாரம் செய்து பிழைத்தார். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த துறவற ஒழுங்கு, செபத்தையும் கைவேலையையும் ஒரே நாளின் இரு கடமைகளாக வைத்தது. செருப்புத் தைப்பவரும் கொல்லரும் உழவரும் தத்தம் தொழிலிலேயே இறைபணி செய்கிறார்கள் என்று 1520இல் லூத்தர் எழுதினார். இப்போதனை மக்கள் வாழ்வில் எவ்வாறு வேர்விட்டது என்பதை அறிய மன்னார்த் தீவையும் அதன் எதிரே உள்ள மாதோட்டக் கரையையும் விடச் சிறந்த இடங்கள் தமிழுலகில் அதிகம் இல்லை. இங்கே விசுவாசத்தைக் கொண்டுவந்தவர்கள் குருமார். நெருக்கடிக் காலத்தில் அதைக் காத்து வைத்தவர்கள் கடற்றொழிலாளரும் உழவரும்.

மன்னாரில் கோட்டை எழுவதற்கு முன்பே, 1544இல், பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் தீவு மக்கள் திருமுழுக்குப் பெற்றனர். சவேரியார் அப்போது கடலுக்கு அப்பால் இந்தியக் கரையில், முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிக்கொண்டிருந்தார். இரு கரையினருக்கும் கடலும் தொழிலும் பொதுவாக இருந்தமையால் புதிய மறையும் படகேறியே வந்தது எனலாம். அதே ஆண்டில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படை, திருமுழுக்குப் பெற்ற மன்னார் மக்களுள் 600 பேருக்கு மேல் கொன்றது. போர்த்துக்கேயரின் செல்வாக்குத் தன் நாட்டுக்குள் நுழைகிறது என்ற அச்சம் மன்னனுக்கு இருந்தது. மாண்டவருள் மிகப் பெரும்பாலோர் வரலாற்றில் பெயர் பதியாத எளிய உழைப்பாளிகள். தோட்டவெளியிலுள்ள வேதசாட்சிகளின் ஆலயம் இன்றும் அவர்களை நினைவுகூர்கிறது.

1560இல் தீவு போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். குருவுக்குப் புகலிடம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றம் என்று அறிவிக்கப்பட்டது. கோவாவில் பிறந்த யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்து சேரும்வரை ஏறத்தாழ 30 ஆண்டுகள் திருப்பலியும் பாவசங்கீர்த்தனமும் இல்லாமலே கழிந்தன. அடிகளாரும் அவருக்குப் பின் வந்த ஓரற்றோரியன் சபைக் குருமாரும் கையாண்ட ஒழுங்கு, குருவின்றி வாழ்ந்த இந்த அனுபவத்தோடு இசைந்தது. ஊருக்கொரு மூப்பரும் அண்ணாவியாரும் நியமிக்கப்பட்டனர். மூப்பர் கோயிலைப் பராமரித்து ஊரை ஒன்றுகூட்டுவார். அண்ணாவியார் பிள்ளைகளுக்குச் செபம் கற்பிப்பார், ஞாயிறுகளில் செபம் நடத்துவார், குரு இல்லாத வேளையில் சாகுந் தறுவாயில் இருப்போரின் அருகே நிற்பார். இவர்கள் குடும்பமும் பிழைப்பும் உடைய ஊர் மனிதர்கள். பகலில் வலையும் மாலையில் செபப் புத்தகமும் ஒரே கையில் இருந்தன. உழைப்பு ஒரு பக்கம், ஆன்மிகம் மறு பக்கம் என்று வாழ்வைப் பிரித்துப் பார்க்கும் எண்ணம் இக்கரையில் வலுப்பெறாமைக்கு இந்த ஏற்பாடே முதன்மையான காரணம் என்று கொள்ளலாம். கத்தோலிக்கர் மீதான தடைகளை ஆங்கில அரசு 1806இல் நீக்கிய பின்னரும் மூப்பரும் அண்ணாவியாரும் மறைந்துவிடவில்லை.

யோசேப் வாஸ் அடிகளாரின் உடன்பணியாளராக 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். தவக்காலத்தில் படிக்கப்படும் அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ எழுத்தறியாதவருக்கும் செவிவழி மனப்பாடமாயிற்று. மன்னாரின் நாட்டுக்கூத்தும் இதே வழியில் வளர்ந்தது. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்னும் இருவகைக் கூத்துகளிலும் புனிதர் வரலாறுகள் ஆடப்பட்டன. ஆடியவர்கள் தொழில் முடித்து இரவில் ஒத்திகைக்கு வந்தவர்கள். கூத்தைப் பழக்குபவருக்கும் அண்ணாவியார் என்றே பெயர்.

தொழிலின் நாட்காட்டியும் வழிபாட்டின் நாட்காட்டியும் இங்கே பின்னிக் கிடக்கின்றன. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகம் தீவின் தென்கடலைக் குலைத்துவிடும். அப்போது வடகடலில் தொழில். வாடை எழுந்ததும் நிலைமை தலைகீழாகும். வலையோடும் படகோடும் இடம்பெயர்ந்து வாடி போட்டுத் தங்குவோர் பலர். கரைவலை இழுப்பதைக் கிட்ட நின்று பார்த்தால் இந்த வாழ்வின் இயல்பு விளங்கும். படகு வலையை வளைவாகக் கடலில் விட்டு வர, இரு கயிறுகளின் நுனிகளும் கரையில் இருக்கும். இரண்டு வரிசையாக நின்று மணிக்கணக்கில் இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரு வரிசைகளும் ஒன்றையொன்று நெருங்கும். கடைசியில் மடி கரையேறும். ஒருவர் அம்பாப் பாட்டில் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் இழுப்போடு சேர்த்துப் பதில் சொல்வார்கள். மாதாவையும் அந்தோனியாரையும் சந்தியாகுவையும் அந்தப் பாட்டில் கூப்பிடுவது கத்தோலிக்க ஊர்களின் வழக்கம். பிடிபட்ட மீன் படகுக்கும் வலைக்கும் ஆட்களுக்குமாகப் பிரிக்கப்படும். சில நாள்களில் மடியில் சருகும் சொறியும் மட்டுமே வரும். இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் அகப்படாத சீமோனைப் பற்றி லூக்கா நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம் கூறுகிறது. அந்தப் பகுதிக்கு இக்கரையில் விரிவுரை தேவைப்படுவதில்லை. கிடைத்ததைக் கொண்டு மட்டும் உழைப்பை அளப்பவருக்கு வெறும் மடி வந்த நாள் வீண் நாள். கடமையை இறைவன்முன் செய்ததாகக் கருதுபவருக்கு அந்த நாளும் கணக்கில் உண்டு. கரையில் மீன் கீறி உப்பிட்டுக் கருவாடு காயவைக்கும் பெண்களின் வேலையும் இதே கணக்கில் சேரும். பல ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போகாத வழக்கமும் இந்த மனநிலையிலிருந்தே வந்தது. ஒரு நாள் வருமானத்தை விடுவது ஏழைக்குச் சிறிய காரியமன்று.

இதே கடலில் இதற்கு மாறான ஒரு வரலாறும் உண்டு. அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளில் நடந்த முத்துக்குளிப்பு, ஆட்சிக்கு வந்த ஒவ்வொரு அரசின் கருவூலத்தையும் நிரப்பியது. குளிப்பவர் கால் வைத்த கல்லின் பாரத்தோடு கீழிறங்கி, ஒரு நிமிடம் அளவே மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கி மேலே வருவார். 1905இல் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் அள்ளப்பட்டன. அடுத்த ஆண்டே முத்துச்சிப்பிப் பார்கள் ஓர் ஆங்கிலக் கம்பனிக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் அந்த அளவில் குளிப்பு நடக்கவில்லை. எண்ணப்பட்டவை சிப்பிகள், மூச்சடக்கியவர் எண்ணப்படவில்லை. மன்னார் மறைமாவட்டம் உருவானது 1981 சனவரியில். அதே ஆண்டு செப்ரெம்பரில் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் உழைப்பைக் குறித்து விடுத்த சுற்றுமடல், வேலையின் மதிப்பு விளைபொருளில் இல்லை, அதைச் செய்யும் மனிதரிடமே உள்ளது என்று வரையறுத்தது. முத்துக்குளிப்பின் வரலாற்றை அறிந்தவருக்கு இந்த வரையறையின் கனம் உடனே புரியும்.

உழைப்போரின் பக்தி, மடு என்று வழங்கும் மருதமடு மாதா திருத்தலத்தில் ஒன்றுகூடுகிறது. ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து தப்பியோடிய குடும்பங்கள் மாதாவின் திருவுருவத்தைக் காட்டுக்குள் கொண்டுபோய்க் காத்தன என்பது மரபு. மடு மாதாவுக்கு 1924இல் முடிசூட்டப்பட்டது. ஆவணித் திருவிழாவுக்குக் குடும்பங்கள் மரநிழலில் கூடாரமடித்துச் சமைத்துத் தங்கி, தமிழரும் சிங்களவருமாக வழிபடுகின்றன. திரும்பும்போது மடு மண்ணை முடிந்து கொண்டுபோவார்கள். பாம்புக்கடிக்கு அது காப்பு என்பது நம்பிக்கை. வயலிலும் காட்டிலும் வெறுங்காலோடு வேலை செய்பவரின் அச்சம் எதுவோ, அதற்கேற்ற பக்தி இது.

உள்நாட்டுப் போர்க்காலம் இந்த வாழ்வின் அடித்தளத்தையே தாக்கியது. கடல்வலயத் தடைகளால் தொழில் நின்றது. 1990இல் மன்னாரின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். தலைமுறைகளாக ஒரே கடலில் தொழில் செய்த அயலவரை இழந்தது இக்கரையின் ஆறாத காயம். அகதிகளால் நிரம்பிய மடுத்தலம் 1999இல் எறிகணை வீச்சுக்கு இலக்கானது; 2008இல் மாதாவின் திருவுருவமே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போய்த் திரும்பியது. நிவாரண அரிசியால் பசி தணியலாம். கைத்தொழில் தெரிந்த ஒருவர் ஆண்டுக்கணக்கில் முகாமில் சும்மா இருக்க நேரும்போது இழப்பது பசியைவிடப் பெரியது. மீள்குடியேற்றத்தில் வலையும் படகும் வீட்டுக்கு அடுத்த தேவையாக நின்றதை இவ்வாறே விளங்கிக்கொள்ள வேண்டும்.

2015 சனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் யோசேப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்து, அன்றே மடுவுக்கு வந்தார். அவ்வாண்டு அவர் வெளியிட்ட சுற்றுச்சூழல் மடல், படைப்பைப் பேணுவதையும் உழைப்பின் கடமையாக்கியது. மன்னாருக்கு அது உடனடிப் பிரச்சினை. எல்லை கடந்து வரும் இழுவைப்படகுகள் கடலடியை வாரிச் செல்கின்றன. அடித்தள இழுவை முறையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. 2025இல் புதிய காற்றாலைகளுக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிரான மக்கள் போராட்டத்தில் குருமாரும் உடன் நின்றனர். பிறர் செய்யும் அழிவை எதிர்ப்பதோடு இந்தக் கடமை முடிவதில்லை. தங்கூசி வலையும் வெடிபொருளும் உள்ளூர்க் கைகளிலும் உண்டு. குஞ்சு மீனை அள்ளாமல் விடுவதும், பங்காளியின் பங்கைக் குறைக்காமல் கொடுப்பதும், கூலியை அன்றன்றே தீர்ப்பதும் செபமாலையைப் போலவே அன்றாடம் செய்யப்பட வேண்டியவை.