ஆடாமல் விட்ட ஆட்டம்

டேவிஸ் கோப்பை என்னும் டென்னிஸ் பரிசுக்காக 1900ஆம் ஆண்டிலிருந்து நாடுகள் போட்டியிட்டு வருகின்றன. அதன் வரலாற்றில் 1974ஆம் ஆண்டுக்குரிய பக்கத்தைப் புரட்டுவோர் ஒரு விந்தையைக் காண்பர். வென்ற நாடு தென்னாப்பிரிக்கா; எதிர்நின்ற நாடு இந்தியா; ஆட்டக்கணக்கு எழுதப்பட வேண்டிய இடத்தில் எண் எதுவும் இல்லை. ஒரு பந்துகூட அடிக்கப்படாமல் இறுதிப் போட்டியின் முடிவு எழுதப்பட்டது அதுவே முதல் முறை. கோப்பையை விட்டுவந்த இந்திய அணியின் தூண்களாக நின்றவர்கள் சென்னையைச் சேர்ந்த இரு சகோதரர்கள். இளையவர் விஜய் அமிர்தராஜுக்கு அப்போது வயது 20. மூத்தவர் ஆனந்துக்கு 22.

இளையவரைப் பின்னாளில் ஜேம்ஸ் பாண்ட் திரைப்படத்தில் கண்டு அறிந்தவர்களே இன்று மிகுதி. ஆனால் 1973இலேயே அவர் விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் ஆகிய இரண்டிலும் காலிறுதிவரை சென்று உலகின் கவனத்தை ஈர்த்திருந்தார். எழும்பூர் தொன் போஸ்கோ பள்ளியிலும் இலயோலாக் கல்லூரியிலும் பயின்ற கத்தோலிக்க இளைஞர் என்பதால், நம் பங்குகளிலும் பள்ளிகளிலும் அவர் பெயர் சற்றே உரிமையோடு உச்சரிக்கப்பட்டது.

இறுதிப் போட்டிக்கு இந்தியா எளிதில் வந்துவிடவில்லை. 1974 மே மாதம் கல்கத்தா சவுத் கிளப்பின் புல்தரையில் ஆஸ்திரேலியாவை எதிர்கொண்டது. நாடெங்கும் இரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த நாட்கள் அவை. ஆட்டத்தைச் சுருக்கி முடிக்கும் 'டை பிரேக்' முறை இல்லாத அப்போட்டியில் ஒரு செட் 17-15 என்றும், இன்னொன்று 16-18 என்றும் நீண்டுகொண்டே போனது. ஐந்து ஆட்டங்களிலுமாக ஆடப்பட்ட 'கேம்'கள் 327. இது டேவிஸ் கோப்பையில் ஒரு சாதனை. ஜஸ்ஜித் சிங் ஒற்றையர் ஆட்டம் ஒன்றில் கைகொடுக்க, சகோதரர்கள் இரட்டையர் ஆட்டத்தை வெல்ல, இறுதி ஆட்டத்தில் விஜய் வென்று 3-2 என்று முடித்தார். 1966இல் இராமநாதன் கிருஷ்ணனின் அணியை இறுதிப் போட்டியில் வீழ்த்திய அதே ஆஸ்திரேலியாவை வென்றது, எட்டு ஆண்டுக் கடனைத் தீர்த்தது போலிருந்தது. பின்னர் புனே நகரில் சோவியத் ஒன்றியமும் தோற்றது. மறுபுறத்து அரையிறுதியில் இத்தாலியைத் தென்னாப்பிரிக்கா வென்றது. அங்கேதான் சிக்கல் எழுந்தது.

தென்னாப்பிரிக்காவின் நிறஒதுக்கல் ஆட்சி அன்று உலகறிந்த கொடுமையாக இருந்தது. மனிதரை நிறத்தால் பிரித்து, குடியிருக்கும் தெரு, பயிலும் பள்ளி, அமரும் இருக்கை, ஆடும் களம் என அனைத்தையும் சட்டத்தால் வகுத்த ஆட்சி அது. அதனோடு வணிக உறவை உலகிலேயே முதலில் துண்டித்த நாடு இந்தியா, ஆண்டு 1946. அவ்வாறிருக்க, 28 ஆண்டுகளாகக் காத்துவந்த நிலையை ஒரு வெள்ளிக் கோப்பைக்காகக் கைவிடுவதா என்பது டில்லியின் முன் நின்ற கேள்வி. இந்திரா காந்தியின் அரசு விடை கூறியது, டென்னிஸ் சங்கம் பணிந்தது, அணி விலகியது.

இம்முடிவை எடுத்தவர்கள் ஆட்டக்காரர்கள் அல்லர். அவர்களுடைய விருப்பத்தைக் கொண்டு தீர்மானிக்கப்படவும் இல்லை. விலகுவது நாட்டின் கொள்கையாயிற்று. விலகியதால் வந்த இழப்பு மட்டும் சில இளைஞர்களின் வாழ்வில் தங்கிற்று.

மக்கள் இதை எவ்வாறு ஏற்றனர்? தெருக்களில் கூட்டம் கூடவில்லை, கொடும்பாவி எரியவில்லை. விளையாட்டு ஏடுகளில் ஏக்கமும், தலையங்கங்களில் பாராட்டும் வெளிவந்து அடங்கின. அதற்குக் காரணங்கள் உண்டு. அவ்வாண்டு நாட்டுக்கு வேறு கவலைகள் இருந்தன: விலைவாசி, இரயில் வேலைநிறுத்தம், பீகாரில் மூண்ட கிளர்ச்சி, மே 18 அன்று பொக்ரானில் நிகழ்ந்த அணுவெடிப்பு. நம் காவிரிப் படுகைக்கோ இவற்றையெல்லாம் விடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. சென்னை மாகாணமும் மைசூரும் 1924 பிப்ரவரியில் செய்துகொண்ட காவிரி ஒப்பந்தத்தின் 50 ஆண்டுகள் அந்த 1974 பிப்ரவரியில் நிறைவுற்றிருந்தன. ஆற்றில் நீர் வருமா என்று மேற்கு நோக்கியிருந்த உழவரிடம் டேவிஸ் கோப்பையைப் பற்றிப் பேசியிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம். டென்னிஸ் என்பது அன்று நம் ஊர்களில் மாவட்ட அதிகாரிகளின் மன்றங்களுக்குள்ளும் நாளேட்டின் விளையாட்டுப் பக்கத்துக்குள்ளும் அடங்கியிருந்த ஓர் ஆட்டம்.

ஆயினும், இந்த விலகலின் மறுமுனையில் நின்ற தென்னாப்பிரிக்கா நம் படுகைக்கு அன்னிய மண் அன்று.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் சென்றோர் கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தக் கூலிகள். 1911இல் அம்முறை நிற்கும்வரை ஏறத்தாழ 1,52,000 பேர் நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களில் பெரும்பாலோர் சென்னை வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கருமே. தஞ்சைத் தரணியின் நிலமற்ற உழைப்பாளர்களும் அவர்களுள் இருந்தனர். நெல் விளைவித்தவர் கரும்பு வெட்டப் போயினர். ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்க விரும்பியவர்மீது ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி சுமத்தப்பட்டது. தோட்டக் கூலி வாங்கியவருக்கு அது பல மாத ஊதியம்.

1913 மார்ச் 14 அன்று கேப் மாகாண நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். கிறிஸ்தவ முறைப்படி நடைபெற்றுப் பதிவு செய்யப்பட்ட திருமணங்களே செல்லும் என்பது அதன் சாரம். கோவிலில் தாலி கட்டியவளும், நிக்காஹ் செய்துகொண்டவளும் ஒரே நாளில் மனைவி என்னும் தகுதியை இழந்தனர். இத்தீர்ப்பை நம்மவர் சற்று நிறுத்தி வாசிக்க வேண்டும். நம் சமயத்தின் பெயரால் அடுத்த வீட்டாரின் இல்லறம் செல்லாததாக்கப்பட்டது. பெண்கள் போராட்டத்தில் இறங்கியதற்கு இத்தீர்ப்பு முக்கியமான காரணமாயிற்று. அவர்களுள் ஒருத்தி, தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் ஜோகானஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை. 3 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டு, சிறையில் கண்ட காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். வயது 16. காந்தியடிகள் தாயகம் திரும்பிய 1915இலேயே தில்லையாடிக்கு வந்து அந்த மண்ணை மிதித்தார். 1974இல் அவ்வூர் ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டத்தின் எல்லைக்குள்தான் இருந்தது.

எனவே அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடாமல் நின்றது எங்கோ தொலைவிலிருந்த கறுப்பு மக்களுக்காக மட்டும் அன்று. நம் ஊர்களிலிருந்து கப்பலேறியவர்களின் பேரன் பேத்திகளுக்காகவும்தான். 1950ஆம் ஆண்டின் குடியிருப்புப் பகுதிச் சட்டத்தால் வீடிழந்து நகரின் ஓரத்துக்கு விரட்டப்பட்டவர்களுள் அவர்களும் இருந்தனர். இதை 1974இல் நம் வட்டாரத்து மேடைகளில் எவரேனும் எடுத்துரைத்திருந்தால், கோப்பை கைநழுவிய செய்தி தஞ்சையில் வேறுவிதமாக ஒலித்திருக்கும்.

புகழ்பெற்ற ஆட்டக்காரர் களத்தை விட்டு விலகும்போது பொதுமக்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதற்கு வேறு நாடுகளின் வரலாறும் சான்று தருகிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமை நடைபெறும் என அறிந்த ஸ்காட்லாந்து வீரர் எரிக் லிடெல், ஆண்டவருடைய நாளில் ஓடமாட்டேன் என்று விலகினார். திரைப்படத்தில் காட்டப்படுவது போலக் கப்பலேறும்போது அன்று. பல மாதங்களுக்கு முன்பே அவர் முடிவெடுத்துவிட்டார். நாட்டைக் கைவிட்டவர் என்னும் வசையை அந்த மாதங்கள் முழுவதும் அவர் சுமக்க வேண்டியிருந்தது. பின்னர் 400 மீட்டரில் 47.6 நொடியில் ஓடித் தங்கம் வென்றார். வைதவர்களே தோளில் தூக்கினர். அந்தத் தங்கம் கிடைக்காதிருந்தால் அவருடைய மனச்சான்றை எத்தனை பேர் இன்று நினைவுகூர்வர் என்று எண்ணிப் பார்க்கலாம்.

விலகினால்தான் வசை என்பதும் இல்லை. அமெரிக்கக் கறுப்பின வீரர் ஆர்தர் ஆஷுக்குத் தென்னாப்பிரிக்க அரசு நுழைவு அனுமதி மறுத்துவந்தது. அதன் தொடர்ச்சியாக 1970இல் அந்நாடு டேவிஸ் கோப்பையிலிருந்தே விலக்கப்பட்டது. 1973இல் அனுமதி கிடைத்தபோது ஆஷ் அங்கே சென்று ஆடினார். ஒரு கறுப்பர் அக்களத்தில் சமமாக நின்று ஆடுவதைச் சிறுவர்கள் காண வேண்டும் என்பது அவர் எண்ணம். கொடுங்கோலருக்கு நற்சான்று வழங்கப் போகிறார் என்று அவர் தரப்பினரே சினந்தனர். போனவருக்கும் ஏச்சு, போகாதவருக்கும் ஏச்சு. 2021இல் டோக்கியோவில், அந்தரத்தில் சுழலும்போது தன் உடல் எத்திசையில் இருக்கிறது என்னும் உணர்வே தப்பிப்போன நிலையில், ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ் குழுப் போட்டியின் நடுவே விலகினார். கழுத்து முறியும் ஆபத்து அவருடையது. ஆயினும் நாட்டை ஏமாற்றிவிட்டார் என்று எழுதியவர்கள் குறைவல்லர்.

இவற்றோடு ஒப்பிட்டால் 1974இன் இந்திய அமைதி பெருந்தன்மையாகத் தோன்றும். எனக்கு அது முழுவதும் அவ்வாறு தோன்றவில்லை. லிடெலும் ஆஷும் பைல்ஸும் தாமே முடிவெடுத்தனர். ஆகவே வைவதற்கு ஒரு முகம் கிடைத்தது. இங்கே முடிவெடுத்தது அரசு, விலகியது 'இந்தியா'. வசைக்கு முகம் கிடைக்கவில்லை என்பது நன்றே. ஆனால் நன்றிக்கும் முகம் கிடைக்காமற் போயிற்று. நாம் தியாகம் செய்தோம் என்று நாடு சொல்லிக்கொண்டது. நாம் என்ற அச்சொல்லுக்குள் இருந்த பல கோடிப் பேருக்கும் அத்தியாகத்தால் ஒரு வேளை உணவு குறையவில்லை. இழந்தவர்கள், உடலின் வலிமை உச்சத்தில் இருக்கும் சில ஆண்டுகளை மட்டுமே மூலதனமாகக் கொண்டிருந்த ஒருசில இளைஞர்கள்.

அம்முடிவு சரியானதே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆட்டம் வேறு, அரசியல் வேறு என்னும் வாதம் அப்போது வலுவாக முன்வைக்கப்பட்டது, இன்றும் கேட்கிறது. ஆனால் தென்னாப்பிரிக்காவில் ஆட்டத்துக்குள் அரசியலைக் கொண்டுவந்தவர் அந்நாட்டு ஆட்சியாளர்கள். நிறம் பார்த்து அணியைத் தேர்ந்தவர்கள் அவர்கள். 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து ஆப்பிரிக்க நாடுகள் பல விலகியதும், 1977இல் காமன்வெல்த் நாடுகள் கிளெனீகிள்ஸ் உடன்பாட்டில் அந்நாட்டோடு விளையாட்டு உறவுகளைத் தவிர்க்க இசைந்ததும் இதன் பின்னரே. இறுதிப் போட்டியில் நின்று, வெல்லும் வாய்ப்பும் கையிலிருக்கையில் விலகிய நாடு என்ற பெருமை இந்தியாவுக்கு உண்டு.

கேட்கப்படாமல் தம்மீது சுமத்தப்பட்ட இழப்பை அச்சகோதரர்கள் பின்னர் தமதாக்கிக்கொண்டனர் என்பதே இவ்வரலாற்றில் என்னை மிகவும் ஈர்க்கும் பகுதி. கோப்பையை வெல்ல வாய்த்த மிகச் சிறந்த தருணம் அதுவே என்பதைப் பல பேட்டிகளில் விஜய் மறைக்காமல் கூறியிருக்கிறார். அம்முடிவு சரியானது என்பதையும் அதே மூச்சில் கூறியிருக்கிறார். இழப்பைச் சிறிதாக்கிக் காட்டி முடிவை நியாயப்படுத்த அவர் முயலவில்லை. அவ்வாறு பேசுவது எளிதன்று. நாம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றை விழுங்கிவிடுகிறோம்.

13 ஆண்டுகள் கழித்து, 1987 டிசம்பரில், சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் இந்தியா மீண்டும் இறுதிப் போட்டியில் ஆடியது. 1966இல் ஆடிய கிருஷ்ணனின் மகன் இரமேஷும் அமிர்தராஜ் சகோதரர்களும் அணியில் இருந்தனர். விஜய்க்கு அப்போது வயது 34, ஆனந்துக்கு 35. சுவீடன் 5-0 என வென்றது.

1990 பிப்ரவரி 11 அன்று நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து வெளிவந்தார். 1991 நவம்பர் 10 அன்று தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணி இந்தியாவில் முதன்முறையாகக் களமிறங்கியது. இடம் கல்கத்தா, அமிர்தராஜ் சகோதரர்கள் ஆஸ்திரேலியாவை வென்ற அதே நகரம். மக்கள் பெருந்திரளாக வந்து வரவேற்றனர். 1994 ஏப்ரலில் நடந்த அனைத்து இனத்தவருக்குமான முதல் தேர்தலில், தில்லையாடிக்கும் தரங்கம்பாடிக்கும் நாகைக்கும் கும்பகோணத்துக்கும் அப்பாலிருந்து என்றோ கப்பலேறிப் போனவர்களின் வழித்தோன்றல்களும் தம் அண்டை வீட்டாரோடு ஒரே வரிசையில் நின்று வாக்களித்தனர்.

2024இல், தம் 70ஆம் வயதில், விஜய் அமிர்தராஜ் அமெரிக்காவின் நியூபோர்ட் நகரிலுள்ள பன்னாட்டு டென்னிஸ் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். டேவிஸ் கோப்பையின் வெற்றியாளர் பட்டியலில் 1974க்கு நேராக இன்றும் தென்னாப்பிரிக்காவின் பெயரே உள்ளது. அந்நாடு அதற்கு முன்னும் பின்னும் அக்கோப்பையை வென்றதில்லை. இந்தியா 1987க்குப் பிறகு இறுதிப் போட்டிக்கு வரவும் இல்லை.