சுமை மிதிவண்டியின் இருக்கை: சேலம், நாமக்கல் சமவெளி

சுமை மிதிவண்டி என்பது ஓட்டுபவரோடு வணிகச் சரக்கையும் ஏற்றிச் செல்லும் மிதிவண்டி ஆகும். ஐரோப்பாவில் இதற்கெனத் தனி வடிவ வண்டிகள் உண்டு. டென்மார்க்கில் 1920களில் உருவான நீண்ட வண்டியில் சரக்குத் தட்டு ஓட்டுபவருக்கு முன்னால், தரையை ஒட்டி அமைந்திருக்கும். தமிழ்நாட்டில் அத்தகைய வண்டி பரவவில்லை. 28 அங்குலச் சக்கரமும் குறுக்கே பாரும் கொண்ட ஆண்கள் சைக்கிளே இங்குச் சுமை வண்டியாயிற்று. கேரியரை அகலப்படுத்துவார்கள், முன் ஃபோர்க்குக்குக் கூடுதல் கம்பி முட்டுக் கொடுப்பார்கள், இரட்டைக் கால் ஸ்டாண்ட் போடுவார்கள். சீட் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும். பெரும்பாலும் இருக்க வேண்டிய அளவைவிடத் தாழ்வாகவே இருக்கும். அதற்குக் காரணம் ஓட்டுபவரின் அறியாமை அன்று.

வண்டி வந்த வழி

இரு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாகவும், பின்சக்கரத்துக்குச் செயினும் கொண்ட ரோவர் மிதிவண்டியை ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் இங்கிலாந்தில் வெளியிட்டார். டன்லப்பின் காற்றடைத்த டயர் 1888இல் வந்தது. அகன்ற தோல் இருக்கையும் அடியில் சுருள் ஸ்பிரிங்கும் பர்மிங்காம் தொழிற்சாலைகளின் வழியாகப் பரவின. விடுதலைக்குப் பின் 1949இல் முருகப்பா குழுமமும் பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. ஹெர்குலிஸ் என்ற பெயர் தமிழகக் கிராமங்களுக்குப் பழகியது இதனால்தான். பின்னர் வடக்கிலிருந்து அட்லஸ், ஹீரோ வண்டிகளும் வந்தன.

இவ்வண்டிகளின் ஃபிரேம் பெரும்பாலும் 22 அல்லது 24 அங்குலம். இந்த அளவுகள் ஆங்கிலேய உடலுக்கு வகுக்கப்பட்டவை. குள்ளமான ஒருவர் 24 அங்குல வண்டியை வாங்கினால் சீட்டை அடிவரை இறக்கினாலும் கால் எட்டாது. அதனால்தான் சிறுவர்கள் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டார்கள்.

என்னென்ன ஏறின

1997 ஜனவரியில் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி முழுவதும் சேலம் மாவட்டமே. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சரக்கு உண்டு. இளம்பிள்ளைப் பக்கம் சேலைக் கட்டும் நூல் கட்டும், பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலையும் வாழைத்தாரும், பிலிக்கல்பாளையத்தில் வெல்லம், நாமக்கல்லில் முட்டை, எல்லா ஊரிலும் பால்.

எடை மட்டும் கணக்கன்று. வெல்லச் சிப்பம் ஒன்று 30 கிலோ. இரண்டு ஏற்றினால் 60 கிலோ, ஆனால் அசையாமல் கிடக்கும். 40 லிட்டர் பால் கேனில் பால் மட்டும் 41 கிலோவுக்கு மேல்; கேன் நிறையாவிட்டால் உள்ளே பால் அலைந்து வண்டியையும் இழுக்கும். நூல் கட்டு எடை குறைவு, உயரம் அதிகம். முட்டையோ இன்னும் இலேசு: 30 முட்டை கொள்ளும் அட்டை பத்து அடுக்கினாலும் 15 முதல் 18 கிலோதான். ஆனால் சீட்டுக்கு ஸ்பிரிங் உண்டு, கேரியருக்கு இல்லை. அட்டைகளுக்கு அடியில் சாக்கோ வைக்கோலோ வைத்துத்தான் பள்ளம் மேடு கடக்க வேண்டும்.

உயரக் கணக்கு

மிதிவண்டி இருக்கைக்கு உகந்த உயரம் எது என்பதை இங்கிலாந்தில் ஹாம்லியும் தாமஸும் 1967இல் ஆய்ந்தனர். பெடல் மிகக் கீழே இருக்கும்போது அதிலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை உள்ள தொலைவு, தொடை இடுக்கிலிருந்து தரைவரை உள்ள கால் நீளத்தில் 109 விழுக்காடாக இருப்பது உகந்தது என்று கண்டனர்.

கால் நீளம் 76 செ.மீ. உள்ளவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு அந்தத் தொலைவு சுமார் 83 செ.மீ. கீழே வந்த பெடலும் தரையிலிருந்து 13, 14 செ.மீ. மேலேதான் இருக்கும். சீட் பைப் சாய்வாக இருப்பதால் சிறிது கழித்தாலும், சீட் தரையிலிருந்து ஏறத்தாழ 90 செ.மீ. உயரத்தில் நிற்கும். அவருடைய காலோ 76 செ.மீ. அரைச் சாணுக்கு மேல் இடைவெளி. வெறும் வண்டியாக இருந்தால் வண்டியைச் சாய்த்து நுனிக்கால் ஊன்றிவிடலாம். பின்னால் இரண்டு கேன் தொங்கும்போது வண்டியைச் சாய்த்தால், சாய்ந்தது சாய்ந்ததுதான்; பால் தெருவில் ஓடும், அன்றைய வருமானமும் அதோடு போகும். எனவே பாதம் தரையில் படும்வரை சீட்டை இறக்கினார்கள்.

இதற்கான விலையை முழங்கால் கொடுத்தது. சீட் தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மேல் மடங்கும். முழங்கால் சில்லின் பின்புறம் அழுத்தம் கூடும். முழங்காலின் முன்பக்க வலிக்குத் தாழ்ந்த இருக்கை ஒரு காரணம் என்பது இன்று மருத்துவர்கள் ஏற்ற செய்தி. சீட் மிக உயர்ந்தால் வேறு தொல்லை: இடுப்பு இருபுறமும் ஆடும், முழங்காலின் பின்பக்கம் இழுக்கும்.

ஏறுவதிலும் சிக்கல் உண்டு. பின்னால் ஆளுயரக் கட்டு இருந்தால் வழக்கம்போல் காலைப் பின்புறமாகச் சுழற்றி ஏற முடியாது. இடது பெடலில் கால் வைத்து உந்தி, வலது காலைச் சீட்டுக்கு முன்னால் பாரின் மேலாகக் கொண்டுவர வேண்டும். இதற்கும் தாழ்ந்த சீட்டே வசதி.

எடை ஓர் அளவைத் தாண்டினால் சீட்டுக்கே வேலை இல்லை. வியட்நாமில் 1954ஆம் ஆண்டு தியன் பியன் பூ போரின்போது 200 கிலோவுக்கு மேல் ஏற்றிய மிதிவண்டிகளைத் தள்ளிக்கொண்டே சென்றனர். ஹேண்டில்பாரில் ஒரு கழியைக் கட்டி நீட்டி, சீட் இருந்த குழாயில் இன்னொரு கழியைச் செருகி, இரண்டையும் பிடித்துத் தள்ளினார்கள். சேலத்து ஏற்றங்களில் இறங்கித் தள்ளிய வியாபாரிகளுக்கும் இது புதிதாகத் தோன்றாது.

முன்னும் பின்னும்

உயரத்தைப் போலவே சீட் முன்னே இருக்கிறதா, பின்னே இருக்கிறதா என்பதும் முக்கியம். கேரியரில் சுமை பின் அச்சுக்கு மிகவும் பின்னால் போனால் முன்சக்கரம் இலேசாகி ஹேண்டில் அலையும். அதனால் கட்டைச் சீட்டோடு ஒட்டி வைப்பார்கள். கட்டு முதுகில் முட்டும். ஓட்டுபவர் சீட்டின் குறுகிய மூக்குப் பகுதிக்குச் சரிவார். அகலமான தோல் இருக்கை நிமிர்ந்து உட்காருபவரின் பின்புறத்தைத் தாங்கவென்றே செய்யப்பட்டது. மூக்கில் உட்கார்ந்தால் அந்த அகலத்தால் பயனில்லை, மரத்துப்போவதுதான் மிச்சம்.

பழைய வண்டிகளில் சீட்டைப் பைப்போடு இறுக்கும் கிளாம்ப்பைத் திருப்பிப் போட்டால் சீட் சிறிது முன்னுக்கு வரும். ஒரு ஸ்பேனர் போதும், செலவு கிடையாது. கட்டுக்கும் முதுகுக்கும் நடுவே இடம் கிடைக்கும். ஆனால் முழங்கால் பெடலுக்கு முன்னால் நீண்டுவிடும் என்பதால், இப்படிச் செய்யும்போது சீட்டைச் சற்று உயர்த்தவும் வேண்டும். தோல் தொய்ந்து தொட்டிலானால், மூக்குக்கு அடியில் உள்ள நட்டைத் திருகி இழுவையைக் கூட்டலாம்.

இன்றும் சுமை வண்டி ஓட்டுபவருக்கு எளிய முறை ஒன்று உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் அமர்ந்து, கீழே வந்த பெடலில் குதிகாலை வைக்க வேண்டும். கால் நேராக நீண்டால் அது உகந்த உயரம். அதிலிருந்து, நின்றால் ஒரு காலின் முன்பாதம் ஊன்றும் அளவுக்கு மட்டும் இறக்கலாம். அடிவரை இறக்கத் தேவையில்லை. உயர்த்தும்போது பைப் ஃபிரேமுக்குள் 2 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இல்லையேல் பைப் வளையும் அல்லது ஒடியும்.

பெண்களும் அதே வண்டியும்

சேலம், நாமக்கல்லுக்குத் தென்கிழக்கே, காவிரிக்கு அப்பால் உள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்பதையும் எழுத்தறிவோடு சேர்த்துக்கொண்டது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பதிவு செய்துள்ளார். பெண்கள் சைக்கிள் போதிய அளவு கிடைக்காததால் பலர் பார் வைத்த ஆண்கள் வண்டியையே ஓட்டினர். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் சிலர் அதையே விரும்பினர். முன்னால் குழந்தை, பின்னால் தண்ணீர்க் குடம், உடுத்தியிருப்பது சேலை. இந்நிலையில் கால் ஊன்றுவது உயிர்ப் பிரச்சினை. வீட்டுக்கு ஒரே வண்டி என்றால் குட்டையானவருக்கு ஏற்ற உயரத்திலேயே சீட் நின்றது. நெட்டையானவர் முழங்காலை மடக்கிக்கொண்டு ஓட்டினார்.

மொபெட் வந்த பின்

1980இல் ஓசூரில் உற்பத்தியான டி.வி.எஸ். 50 மொபெட் இந்தச் சுமைகளை மெல்லத் தன்மேல் ஏற்றிக்கொண்டது. மிதிக்கத் தேவையில்லாததால் கால் நீளக் கணக்கும் தேவையற்றதாயிற்று: சீட் தாழ்வாக இருக்கலாம், இரு பாதமும் தரையில் படலாம், முழங்காலுக்குக் கேடில்லை. பாரும் இல்லாததால் ஏறுவதும் எளிது. காலுக்கு முன்னால் உள்ள இடத்திலும் ஒரு மூட்டை வைக்கலாம். பால் கேனும் முட்டை அட்டையும் சேலைக் கட்டும் இன்று பெரும்பாலும் இத்தகைய வண்டிகளில்தான் போகின்றன.

சாணை பிடிப்பவர்களிடம் பழைய சைக்கிளை இன்னும் காணலாம். பெரிய ஸ்டாண்டைப் போட்டு, சீட்டில் அமர்ந்து மிதிக்கும்போது சக்கரம் சாணைக்கல்லைச் சுற்றும். வண்டி நகராததால் கால் ஊன்றும் கவலையும் இல்லை. சீட்டை முழு உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளத் தடையில்லை.