பாம்பின் சட்டையும் கண்ணாடிப் பெட்டியின் ஈரமும்

வேலியோரத்திலும் கற்குவியலிலும் பாம்புச் சட்டை கிடப்பதை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். தலை முதல் வால் நுனி வரையில் ஒரே துண்டாக, உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பி அது கிடக்கும். கண்களை மூடியிருந்த மெல்லிய வில்லைகளுங்கூட அதனோடு சேர்ந்தே கழன்றிருக்கும். ஆனால், கூண்டில் அடைபட்ட பாம்பு எப்பொழுதும் இவ்வாறு சட்டை உரிப்பதில்லை. சில வேளைகளில் சட்டை துண்டு துண்டாகக் கிழிகிறது. கண்வில்லை கண்ணிலேயே ஒட்டிக்கொள்கிறது. காட்டில் ஒழுங்காக நிகழ்வது கூண்டில் ஏன் தடைப்படுகிறது? காற்றில் ஈரம் குறைவதே பெரும்பாலும் காரணம். இந்த எளிய விடையைத் தெளிவாக அறிந்துகொள்ள மனிதனுக்கு நூறாண்டுக்கு மேலாயிற்று. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

காற்றின் ஈரத்தை அளக்கக் கருவி இல்லாமற்போனதன்று குறை. ஜெனீவா நகரத்து அறிஞர் சொசூர், மனிதத் தலைமயிர் ஈரத்தில் நீண்டு வறட்சியில் சுருங்குவதைக் கண்டு, அதனைக்கொண்டே ஓர் ஈரமானியை அமைத்து, 1783-ஆம் ஆண்டில் தம் நூலில் விளக்கினார். கண்ணாடிக்குள் ஈரத்தைக் காக்கும் வழியும் விரைவிலேயே தெரிந்துவிட்டது. லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு, 1829-ஆம் ஆண்டில், ஒரு விட்டிற்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு மூடிய புட்டியில் வைத்தார். அம்மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமாகவே முளைத்தன. பகலில் ஆவியான நீர் கண்ணாடியிற் படிந்து, மீண்டும் மண்ணுக்கே திரும்பியதைக் கண்டு அவர் வியந்தார். பின்னர் அவர் பெயரால் வழங்கிய கண்ணாடிப் பெட்டிகளில் செடிகள் கடல் கடந்தன. சீனத்துத் தேயிலைக் கன்றுகளை ராபர்ட் ஃபார்ச்சூன் இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும் அத்தகைய பெட்டிகளிலேதான்.

செடிக்குக் கிடைத்த இந்த அறிவு பாம்புக்கு உடனே கிடைக்கவில்லை. 1849-ஆம் ஆண்டில் லண்டன் மிருகக்காட்சி சாலையில், ஊர்வனவற்றுக்கென்றே ஒரு தனிக் கட்டடம் திறக்கப்பட்டது. பொதுமக்கள் காண்பதற்கென உலகில் அமைந்த முதற் கட்டடம் அதுவே. அக்காலத்தவர் கவலையெல்லாம் குளிரைப் பற்றியது. ஆகவே பாம்புகளுக்குக் கம்பளி போர்த்தினார்கள்! ஒரு போவாப் பாம்பு அக்கம்பளியையே விழுங்கி, சில வாரங்களுக்குப் பின் கக்கிய செய்தி அந்நாளில் பெரும் வியப்பாகப் பேசப்பட்டது. கம்பளி நமக்குச் சூடு தருவதன்று. நம் உடல் உண்டாக்கும் சூட்டை வெளியே போகாமற் காப்பதே அதன் வேலை. பாம்போ தன் உடற்சூட்டுக்குப் புறத்தை நம்பி வாழ்வது. அதற்குப் போர்வையால் யாது பயன்?

போர்வையை விடுத்து அடைப்பைச் சூடாக்கினாலும் மற்றொரு சிக்கல் எழுகிறது. 20 பாகை வெப்பமுள்ள ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 30 பாகையில் அதுவே 30 கிராம் வரை தாங்கும். ஆகவே, 60 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றை 20 பாகையிலிருந்து 30 பாகைக்குச் சூடாக்கி, நீர் சேர்க்காது விட்டால், ஈரப்பதம் ஏறத்தாழ 35 விழுக்காடாகக் குறைந்துவிடும். பாம்புக்கு நன்மை செய்வதாக எண்ணி மூட்டிய சூடே அதனை உலர்த்திவிடுகிறது.

அடுத்த பெரும் படியை எடுத்தவர் ஒரு பெண்மணி. 1923-ஆம் ஆண்டில் லண்டன் சாலையின் ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற ஜோன் புராக்டர், நோயுற்ற உடலோடு உழைத்துப் புதியதொரு கட்டடத்தை வகுத்தார். அது 1927-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கூண்டு முழுவதையும் ஒரே அளவாகச் சூடாக்காமல், ஓரிடம் வெம்மையாகவும் ஓரிடம் தண்மையாகவும் அவர் அமைத்தார். விலங்கு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே நாடிச் செல்லலாம். 1931-ஆம் ஆண்டில், 34-ஆம் வயதிலேயே அவர் மறைந்தார். அவர் காட்டிய நெறி மறையவில்லை.

எனினும், ஊர்வனவற்றின் தோல் நீர் புகாதது என்னும் எண்ணம் நெடுநாள் நிலைத்திருந்தது. பென்ட்லி, ஷ்மிட் நீல்சன் என்னும் இருவர், 1966-ஆம் ஆண்டில் அதனை அசைத்தனர். ஊர்வன பலவற்றில், மூச்சின் வழியே போகும் நீரைவிடத் தோலின் வழியே போகும் நீரே மிகுதி என்று அளந்து காட்டினர். அப்படியாயின் செதில்கள் எதற்கு? 1972-ஆம் ஆண்டில் லிக்ட், பென்னட் இருவரும், பிறவியிலேயே செதிலற்ற ஒரு பாம்பை ஆராய்ந்தனர். அது செதிலுள்ள பாம்பைவிட மிகுதியாக நீரை இழக்கவில்லை! நீரைத் தடுப்பது செதிலன்று, தோலுள் அடங்கிய கொழுப்புப் படலமே என்பது 1980-ஆம் ஆண்டு ஆய்வில் விளங்கிற்று. தடை உண்டு, ஆனால் அது முழுத் தடையன்று. வறண்ட காற்று பாம்பின் உடல்நீரை ஓயாமல் கவர்ந்துகொண்டே இருக்கிறது. சட்டை உரிக்குமுன் பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே ஊறும் நீரும் அப்பொழுது போதாமற் போகிறது.

இன்று வளர்ப்போர் இதனை அறிந்து நடக்கின்றனர். மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளியில் வாழும் பந்து மலைப்பாம்பை எடுத்துக்கொள்வோம். வெளியே நிலம் வறண்டிருந்தாலும் அது தங்கும் வளைக்குள் ஈரம் நிற்கும். ஆகவே கூண்டில் 50 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம் வைத்து, நனைந்த பாசியிட்ட ஒரு மறைவிடமும் தருகின்றனர். ஈரம் நல்லது என்று கூண்டு முழுவதையும் நனைத்து, காற்றோட்டத்தையும் அடைத்துவிடுவது மற்றொரு பிழை. அதனால் பூஞ்சணம் படரும், வயிற்றுச் செதில்கள் புண்ணாகும். ஈரமும் வேண்டும், உலர்ந்த இடமும் வேண்டும்.

நம் நாட்டில், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பதைத் தடுக்கிறது. உரிமம் பெற்று அவற்றைக் கையாள்வோருள் இருளர் மக்கள் குறிப்பிடத் தக்கவர். 1978-ஆம் ஆண்டில் அமைந்த அவர்தம் கூட்டுறவுச் சங்கம், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், நஞ்சு எடுப்பதற்காகப் பிடித்த பாம்புகளை மண்குடங்களில் மணலிட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கிறது. துணி காற்றை விடும். நுண்துளையுள்ள மண் வெம்மையைத் தணிக்கும். சில வாரங்களுக்குப் பின் பாம்புகள் காட்டுக்கே திரும்புகின்றன. அவற்றின் நஞ்சு, பாம்புக்கடி மருந்தாகி மனித உயிரைக் காக்கிறது.

நண்பர்களே! காட்டில் உள்ள பாம்பு வெப்பம் மிகுந்தால் வளைக்குள் நுழையும். வறட்சி மிகுந்தால் ஈரத்தைத் தேடிச் செல்லும். கூண்டில் அந்த உரிமையை நாம் பறித்துவிடுகிறோம். பறித்ததைத் திருப்பித் தரும் கடமையும் நம்முடையதே. கம்பளி போர்த்தியவர்கள் கருணை இல்லாதவர்கள் அல்லர், அறியாதவர்கள். அறிவில்லாத கருணை பாம்புக்குப் போதவில்லை என்பதே இவ்வரலாறு நமக்குக் கூறும் செய்தி.