சாலையும் மருத்துவச்சாலையும்

தமிழில் ‘சாலை’ என்னும் சொல் இருபொருள் தாங்கி நிற்பது. ஊரோடு ஊரை இணைத்து ஓடும் பெருவழியும் சாலை. பலர் கூடியிருந்து கற்கவும் உண்ணவும் பிணி நீங்கவும் அமைந்த மனையும் சாலை. ராசராசனின் மெய்க்கீர்த்தி கூறும் காந்தளூர்ச் சாலை யாது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், அதனைக் கல்விக்கூடமாகக் கொண்டோர் பலர். வடலூரில் வள்ளலார் 1867இல் நிறுவியது தருமச்சாலை. பாடசாலை, மருத்துவச்சாலை, சிறைச்சாலை என இப்பொருள் இன்றும் வழக்கில் உள்ளது. ஓடும் சாலையும் இருக்கும் சாலையும் ஒன்றையொன்று எதிர்ப்படும் இடங்களில் பெரும்பாலும் ஓடும் சாலையே வெல்கிறது. அகலப்படுத்தும் பணி வருகிறது; குறுக்கே நிற்கும் மனை இடிகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்ததோ இதன் மறுதலை. அங்குச் சாலை அறுந்தது. அதனால் மருத்துவச்சாலை மூடப்பட்டது. அங்கிருந்து வெளியேற்றப்பட்டோரில் பலர் வந்து சேர்ந்த தெருமுனையோ, முன்னொரு காலத்தில் மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்ட ஒரு நெடுஞ்சாலைக்காக வீடுகளை இடித்து வெறுமையாக்கிய நிலத்தில் அமைந்தது.

பாஸ்டன் துறைமுகத்தில் முப்பதுக்கு மேற்பட்ட தீவுகள் உள்ளன. நகரம் தன் கண்முன் காண விரும்பாதவற்றையெல்லாம் இத்தீவுகளுக்கு அனுப்பி வைத்தது என்று சொன்னால் அது மிகையன்று. 1675இல் குடியேறிகளுக்கும் பழங்குடிகளுக்கும் போர் மூண்டபோது, கிறித்தவம் தழுவி அமைதியாக வாழ்ந்த பழங்குடியினரைக் கூட மான் தீவுக்குக் கொண்டுசென்று அடைத்தனர். அக்குளிர்காலத்தில் பசியாலும் குளிராலும் மாண்டவர் பலர். பின்னர் அதே மான் தீவில் சிறை எழுந்தது. ரெயின்ஸ்ஃபோர்டு தீவில் தொற்றுநோயாளர் ஒதுக்கிடமும் ஏழையர் விடுதியும் இருந்தன. 1880களில் நகராட்சி அவ்வேழையரை லாங் தீவுக்கு மாற்றியது. ‘லாங் ஐலண்ட்’ என்னும் பெயரைத் தமிழில் சொன்னால் நெடுந்தீவு. யாழ்ப்பாணத்தார்க்கு வேறொரு நெடுந்தீவு உண்டாகையால் இங்கு லாங் தீவு என்றே குறிப்போம். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய நிலத்துண்டு அது. விடுதியை ஒட்டி மருத்துவமனை எழுந்தது. அங்கு இறந்து உரிமை கோருவாரற்றுப் போனவர்களுக்கு இடுகாடும் அங்கேயே அமைந்தது.

குடிநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் இடமாகவும் இத்தீவு இருபதாம் நூற்றாண்டில் உருவெடுத்தது. அம்மாநிலத்தில் பொதுவிடத்தில் குடித்துக் கிடப்பது நெடுங்காலம் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 1971இல் இயற்றப்பட்டு 1973இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதனைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கி, போதைநீக்க நிலையங்களின் பொறுப்பில் விட்டது. சிறைச்சாலைக்குரியவன் மருத்துவச்சாலைக்குரியவன் ஆனான். சட்டப் புத்தகத்தில் இது சிறு மாற்றம். ஒருவன் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய மாற்றம் அரிது.

தீவுக்குச் செல்லும் வழி பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்; வழக்கு முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. முதலில் படகே போக்குவரத்து. 1951இல் பாலம் திறக்கப்பட்டது. பாஸ்டனிலிருந்து தெற்கே சென்று, அண்டை நகரமாகிய குவின்சியின் எல்லைக்குள் நுழைந்து, ஸ்குவாண்டம் என்னும் கடலோரக் குடியிருப்பைக் கடந்து, கரைவழியாக மூன் தீவை அடைந்து, அங்கிருந்து அரை மைலுக்கும் மிக நீண்ட அப்பாலத்தின் மேல் ஏறினால் லாங் தீவு வரும். மூன் தீவின் நிலம் பாஸ்டனுக்குச் சொந்தம். ஆட்சி எல்லையோ குவின்சியைச் சேர்ந்தது. 1884 முதல் பாஸ்டன் நகரத்தின் கழிவுநீர் முழுவதும் குழாய் வழி மூன் தீவுக்கு வந்து தொட்டிகளில் தேங்கி, ஓதம் வற்றும் நேரத்தில் கடலில் திறந்துவிடப்பட்டது. பெருநகரத்தின் கழிவை மூக்கருகே வைத்துக்கொண்டு வாழ்ந்த சிற்றூரார் நெஞ்சில் எத்தகைய நினைவு படிந்திருக்கும் என்பதைப் பின்னால் நடந்தவற்றைப் படிக்கும்போது மறக்கலாகாது.

நாள்பட்ட நோயாளருக்கான பழைய மருத்துவமனை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மூடப்பட்ட பின்னும் தீவு வெறிச்சோடவில்லை. வீடற்றோர் விடுதி, போதைநீக்கப் பிரிவு, இடைக்காலத் தங்கல், மாதக்கணக்கில் தங்கும் மீட்பு இல்லங்கள் ஆகியன அங்கே அருகருகே இயங்கின. விடுதியில் தங்கியோர் உழைத்த சிறு பண்ணையும் இருந்தது. இவ்வமைப்பின் அருமையை உணரச் சிகிச்சையின் இயல்பை அறிதல் வேண்டும். கடுங்குடியைத் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். மருத்துவர் கண்காணிப்பில் சில நாட்கள் கழிந்தாலொழிய அக்கட்டம் தாண்டாது. ஹெராயின் போன்றவற்றிலோ ஆபத்து பின்கட்டத்தில் இருக்கிறது. சில வாரங்கள் விலகியிருந்தவனுடைய உடல் பழைய அளவைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. மீண்டும் ஒருமுறை பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுபோகும். எனவே போதைநீக்கம் முடிந்த அன்றே அடுத்த கட்டிலும் ஆயத்தமாக இருக்கவேண்டும். முதற்கட்டில் முடிந்து அடுத்த கட்டில் கிடைக்காத இடைவெளியில்தான் பலர் மடிகின்றனர். லாங் தீவில் அந்த இடைவெளி சில நூறு அடி நடைதூரம். கடல் சூழ்ந்திருந்ததால் போதை விற்போர் எளிதில் நெருங்க இயலாமையும் ஒரு நன்மை. நகரத்தார் ஒதுக்கிவைக்கத் தேர்ந்த தொலைவே நோயாளருக்குக் காப்பாக அமைந்தது.

2014 மார்ச்சில் மாநில ஆளுநர் டெவால் பாட்ரிக் ஓபியம்வழிப் போதைப்பொருள்களின் கேட்டைப் பொதுச் சுகாதார நெருக்கடியாக அறிவித்தார். ஏழு திங்கள் கழியுமுன், அக்டோபர் 8ஆம் நாள், பாலம் பாதுகாப்பற்றது எனப் பொறியாளர் தெரிவிக்க, நகரம் அதை உடனே மூடியது. அன்றே தீவு காலி செய்யப்பட்டது. விடுதியிலிருந்தோரும் சிகிச்சையிலிருந்தோருமாக ஏறத்தாழ 700 பேர் சில மணி நேர அறிவிப்பில் பேருந்துகளில் ஏற்றப்பட்டனர். உடைமைகளை விட்டு வந்தவர் பலர். நகரின் உடற்பயிற்சிக் கூடமொன்றில் கட்டில்கள் விரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு பாலத்தின் மேற்கட்டு அகற்றப்பட்டது. தூண்கள் மட்டும் கடலில் நின்றன.

பாலத்தை மூட ஆணையிட்ட மேயர் மார்ட்டி வால்ஷ் குடிநோயிலிருந்து மீண்டவர். அதனைப் பொதுமேடைகளில் மறையாது சொன்னவர். அக்கட்டில்களின் மதிப்பை அவரைவிட நன்கறிந்த மேயர் அந்நகருக்கு வாய்த்திருக்க முடியாது. ஆகவே இதனைக் கல்நெஞ்சரின் செயலென்று எழுதி முடித்துவிட இயலாது. பழுதுற்ற பாலத்தின் மேல் பேருந்தை ஓட்டுவது எவராலும் ஏற்கத்தக்கதன்று. ஆனால் அப்பாலத்தின் தளர்ச்சி ஒரே இரவில் நேர்ந்ததுமன்று. பல்லாண்டுகள் தெரிந்திருந்த தளர்ச்சிக்கு மாற்றுவழி ஒன்றும் ஆயத்தமாக இல்லை என்பதே குறை. ஒரு மருத்துவச்சாலையைக் காப்பது என்பது அதன் கூரையையும் சுவரையும் காப்பது மட்டுமன்று, அதற்குச் செல்லும் வழியையும் காப்பது என்பதை எந்த நிர்வாகமும் கணக்கில் கொள்ளவில்லை.

வெளியேற்றப்பட்ட ஆடவர்க்கு நகரம் 2015 தொடக்கத்தில் சவுத்ஹாம்ப்டன் தெருவில் புதிய விடுதி திறந்தது. அதனருகே மாசச்சூசட்ஸ் நிழற்சாலையும் மெல்னியா காஸ் பெருஞ்சாலையும் சந்திக்கும் முனை உள்ளது. மெத்தடோன் மருந்தகங்களும் பெரிய மருத்துவமனையும் அங்கு முன்னரே இருந்தன. போதைக்கு ஆட்பட்டோரும் முன்னரே அங்கு நடமாடினர். தீவு மூடப்பட்டதே அனைத்திற்கும் காரணம் என்பது பொருந்தாது. ஃபெண்டனில் என்னும் கொடிய பொருள் பரவிய காலமும் அதுவே. எனினும் மீட்பு இல்லங்கள் குறைந்து, விடுதியும் மருந்தகமும் விற்போரும் ஒரே முனையில் நெருங்கியபோது அங்கே கூடாரங்கள் பெருகின. 2022 சனவரியில் மேயர் மிஷெல் வூவின் நிர்வாகம் அவற்றை அகற்றியது, மீண்டும் முளைத்தன, 2023 நவம்பரில் புதிய நகரச் சட்டத்தின்படி மறுபடியும் அகற்றப்பட்டன.

அந்த முனையின் வரலாறு கருதத்தக்கது. 1948இல் வகுக்கப்பட்ட நெடுஞ்சாலைத் திட்டத்தில் நகரின் உட்பகுதியைச் சுற்றி ஒரு வளையச்சாலை இடம்பெற்றது. பாஸ்டன், புரூக்லைன், கேம்பிரிட்ஜ், சாமர்வில் வழியாக அது குடியிருப்புகளைப் பிளந்து செல்லவிருந்தது. கருப்பின மக்கள் மிகுந்து வாழ்ந்த ராக்ஸ்பரியில் 1960களில் அதற்காக வீடுகள் இடிக்கப்பட்டன. மக்கள் திரண்டனர். கருப்பரும் வெள்ளையரும், பேராசிரியரும் தொழிலாளரும் ஓரணியில் நின்றனர். ஆளுநர் ஃபிரான்சிஸ் சார்ஜென்ட் ஒருகாலத்தில் மாநிலப் பொதுப்பணித் துறையின் தலைவராக இருந்து நெடுஞ்சாலைகளை முன்னின்று கட்டியவர். அவரே 1970இல் தொலைக்காட்சியில் தோன்றி, தம் பழைய கருத்து பிழையென ஒப்புக்கொண்டு பணிகளை நிறுத்திவைத்தார். 1972இல் வளையச்சாலை கைவிடப்பட்டது. ஆயினும் இடிந்த வீடுகள் மீளவில்லை. வெற்றிடமாகக் கிடந்த நிலத்தின் ஒரு பகுதியில் பின்னாளில் அமைந்ததே மெல்னியா காஸ் பெருஞ்சாலை.

மெல்னியா காஸ் (1896–1978) பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தவுடன் கருப்பினப் பெண்களை வாக்காளராகப் பதிவுசெய்ய வீடுவீடாகச் சென்றவர். 1960களில் குடியுரிமை இயக்கத்தின் பாஸ்டன் கிளைக்குத் தலைமை ஏற்றவர். ராக்ஸ்பரியின் முதற்பெண்மணி எனப் போற்றப்பட்டவர். அவர் பெயர் இன்று செய்தித்தாள்களில் ‘மாஸ் அண்ட் காஸ்’ என்று மூன்று அசைகளுக்குள் சுருங்கி, ஒரு துயரத்தின் அடையாளமாகிவிட்டது. சொல்லை ஆள்வோர் இதற்காக வருந்தாதிருக்க முடியாது.

2018 முதல் நாளன்று இரண்டாம் முறை பதவியேற்ற வால்ஷ், பாலத்தை மீண்டும் கட்டி லாங் தீவில் மீட்பு வளாகம் அமைப்பதாக அறிவித்தார். நிற்கும் தூண்களின் மேல் புதிய மேற்கட்டு வைப்பது திட்டம். குவின்சி எதிர்த்தது. தம் குறுகிய தெருக்களில் ஊர்திகள் பெருகும் என்றனர் ஸ்குவாண்டம் மக்கள். படகு விடுங்கள் என்றது அவர்கள் நகராட்சி. அவசர ஊர்தியும் தீயணைப்பு வண்டியும் எந்நேரமும் செல்லத் தரைவழி வேண்டும் என்றது பாஸ்டன். குவின்சியின் சுற்றுச்சூழல் ஆணையம் 2018இல் இசைவு மறுத்தது. வழக்கு வளர்ந்து, 2022இல் மாநில உச்ச நீதிமன்றம் பாஸ்டனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதன் பின்னும் உரிமங்களும் முறையீடுகளும் தொடர்ந்தன.

குவின்சியை இரக்கமற்ற ஊர் என்று தள்ளிவிட முடியாது. அளவு மீறிய போதையால் மூச்சடங்குவோரை மீட்கும் நலாக்சோன் மருந்தைத் தன் காவலர் அனைவரிடமும் கொடுத்து அனுப்பிய முதல் அமெரிக்க நகரம் அதுவே, ஆண்டு 2010. வீதியில் வீழ்ந்தவனுக்கு மூச்சளித்த அதே ஊர், அவனை ஏற்றிச் செல்லும் பேருந்துக்கு வழிவிடத் தயங்கியது.

1970இல் ராக்ஸ்பரியிலும் கேம்பிரிட்ஜிலும் சாலையைத் தடுத்தவர் அங்கு வாழ்ந்தோர்; 2018இல் பாலத்தைத் தடுத்தவரும் வழியில் வாழ்ந்தோரே. இரு எதிர்ப்புகளும் ஒரே உரிமையிலிருந்து பிறந்தவை. ஒன்றைப் போற்றி மற்றதைத் தூற்றுவது எளிதன்று. ஆனால் தீவின் கட்டில்களில் கிடந்தோர் ஓர் ஊராராக இருந்ததில்லை. வந்து, சில வாரமோ சில மாதமோ தங்கி, பிரிந்து செல்வோர் அவர்கள். கூட்டம் கூட்டவும் மனுக்கொடுக்கவும் வழக்காடவும் அவர்களுக்குத் தெரு இல்லை; தெருவின் பெயரால் அமைந்த சங்கமும் இல்லை. அவர்கள் சார்பில் ஒரு நகரம் வழக்காடியது. அதே நகரம்தான் அவர்களை ஒரே நாளில் வெளியேற்றியதும்.

தீவில் மற்றொரு நிலையமும் உண்டு. நகரச் சிறாருக்காக 2007இல் தொடங்கப்பட்ட கோடை முகாம் அது. பாலம் போன பின்னும் அது நின்றுவிடவில்லை. பிள்ளைகள் படகில் ஏற்றிச் செல்லப்பட்டனர். மேற்கட்டு இழந்த தூண்கள் வரிசையாக நிற்கும் அதே கடலில் கோடைதோறும் அப்படகுகள் சென்றன. தீவின் ஒருபுறம் பிள்ளைகள் இறங்கி விளையாடினர். மறுபுறம், ஆளற்ற மருத்துவக் கட்டடங்கள் பூட்டிக் கிடந்தன.