மெழுகும் நஞ்சும்: முக ஊசியின் வரலாறு

முகத்தைத் திருத்திக்கொள்ளும் ஆசை மனிதனுக்குப் புதிதன்று. ஆயின் மஞ்சளும் சந்தனமும் தோலின் மேலோடு நின்றன. தோலுக்கு அடியில் ஒரு பொருளைச் செலுத்தி அழகு தேடும் வழக்கம் தோன்றி ஏறக்குறைய 125 ஆண்டுகளே ஆகின்றன. அக்குறுகிய வரலாற்றில் நாம் அறிய வேண்டியது நிறைய உண்டு.

1899-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து அறுவை மருத்துவர் ராபர்ட் கெர்சுனி, நோயால் உறுப்பிழந்த ஒருவர் உடலில் வாசலீனை ஊசி வழியே செலுத்தினார். விரைவிலேயே உருக்கிய பாரஃபின் மெழுகைக் கொண்டு மூக்கை நிமிர்த்தவும் கன்னக்குழியை நிரப்பவும் பலர் முற்பட்டனர். பலன் உடனே தெரிந்தது. தீங்கோ பெரும்பாலும் ஆண்டுகள் கழிந்தே தெரிந்தது. மெழுகு இடம் பெயர்ந்தது; அதனைச் சுற்றிக் கடினமான கட்டிகள் எழுந்தன. இரத்தக் குழாயினுள் புகுந்தபோது சிலருக்குப் பார்வையே போயிற்று. பேரழகி எனப் பெயர் பெற்ற கிளாடிஸ் டீக்கன் மூக்கில் ஏற்றிக்கொண்ட மெழுகு, கீழிறங்கி அவர் முகத்தை உருக்குலைத்தது. பின்னர் வந்த திரவ சிலிக்கோனும் இத்தகைய துயரங்களையே விளைத்தது.

மற்றொரு கிளை நஞ்சிலிருந்து பிறந்தது. 1895-இல் பெல்ஜியத்தில் கெட்ட பன்றியிறைச்சியை உண்டு சிலர் மாண்டனர். அதற்குக் காரணமான கிருமியை எமில் வான் எர்மெங்கெம் கண்டறிந்தார். தசையை முடக்கும் அக்கிருமியின் நஞ்சு, மிக நுண்ணிய அளவில், மாறுகண்ணுக்கு மருந்தாக 1989-இலும், புருவ நடுச் சுருக்கம் நீக்க 2002-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 'போட்டாக்ஸ்' என்று நாம் கேட்கும் பெயர் இதனையே குறிப்பது.

அளவும் கையும் மாறினால் மருந்து மீண்டும் நஞ்சாகும். 2004-இல் அமெரிக்காவின் புளோரிடாவில், மனிதருக்கு உரியதல்லாத ஆய்வுக்கூட நஞ்சை ஏற்றிக்கொண்ட நால்வர் உடல் முடங்கி, செயற்கைச் சுவாசத்தால் உயிர் பிழைத்தனர். அவர்களுள் ஒருவர் ஊசி போட்ட மருத்துவரே!

இன்று கன்னத்தையும் உதட்டையும் நிரப்பும் மருந்துகளைத் தபாலில் தருவித்து, கைப்பேசியில் பாடம் கேட்டு, கண்ணாடி முன் தாமே குத்திக்கொள்வோர் உளர். ஊசியின்றி அழுத்தத்தால் மருந்தைச் செலுத்தும் பேனாக்களையும் பயன்படுத்த வேண்டாமென 2021-இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. முகத்து நாளங்கள் கண்ணின் நாளங்களோடு தொடர்புடையவை. தவறிப் புகுந்த துளி அங்கே அடைத்துக்கொண்டால் சிறிது நேரத்திலேயே பார்வை மீளாது போகலாம். ஹையலூரோனிக் அமில நிரப்பியாயின் அதனைக் கரைக்கும் மாற்று மருந்து தேர்ந்த மருத்துவரிடம் உண்டு. கண்ணாடி முன் நிற்பவரிடம் இல்லை.

ஊரை விட்டுத் தொலைவில், மொழி தெரியாத நகரில் வாழும் நம்மவர்க்கு மருத்துவரைத் தேடிச் செல்வதினும் தபாலில் வாங்குவது எளிதாகத் தோன்றலாம். எனினும், ஊசி போட்டபின் தோல் வெளிறினாலோ, கடும் வலி எழுந்தாலோ, பார்வை மங்கினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ இடர் நேர்ந்தாலோ, நாணம் கருதி மறைக்காமல் அக்கணமே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். போட்டுக்கொண்டது இன்னதென்று உள்ளபடி உரைப்பதும், மருந்துப் புட்டியை உடன் கொண்டு செல்வதும் உயிர்காக்கும் செயல்களாம்.